காளான் பண்ணைக்குத் தானியங்கிப் பை நிரப்பும் இயந்திரம் தேர்ந்தெடுப்பது எப்படி

பை நிரப்பும் இயந்திரத்தை விற்பவர் முதலில் சொல்வது, அது மணிக்கு எத்தனை பைகள் நிரப்பும் என்பதைத்தான். வாங்குபவர்களும் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணை வைத்தே ஒப்பிட்டு முடிவெடுத்து விடுகிறார்கள். உண்மையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். காளான் வளரப்போகும் உங்கள் கலவை எந்தப் பொருளால் ஆனது, எந்தப் பையில் அடைக்கப்படுகிறது, நனைத்த பிறகு எத்தனை மணி நேரத்துக்குள் அது நீராவிக்குள் போயாக வேண்டும் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் இயந்திரத்தின் வேகத்தைப் பற்றிப் பேச முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். உங்கள் பண்ணையில் பை நிரப்புவது வெப்பமூட்டலுக்கு முன்பா, பின்பா? மரத்தூளோடு தவிடு சேர்த்து ஷிடேக், மரக்காது போன்ற காளான்களை வளர்ப்பவர்கள் முதலில் பையை நிரப்பி, பிறகு ஆவியில் வைத்து, குளிர்ந்த பின் தூய்மையான அறையில் வித்திடுகிறார்கள், அதாவது காளானின் பூசண இழை படர்ந்த தானியத்தையோ திரவத்தையோ சேர்க்கிறார்கள். இந்த முறையில் இயந்திரம் சாதாரணச் சுத்தத்தோடு இருந்தால் போதும்; பின்னால் வரும் வெப்பம் கிருமிகளைக் கவனித்துக்கொள்ளும். வைக்கோலை வேகவைத்து ஆறவிட்டுச் சிப்பிக் காளான் வளர்ப்பவர்களின் நிலை வேறு. அங்கே வெப்பம் முடிந்த வைக்கோலும் உயிருள்ள வித்தும் சேர்ந்து இயந்திரத்துக்குள் போகின்றன. கலவையைத் தள்ளும் திருகுக்குள் நேற்றைய கலவை ஒரு பிடி ஒட்டிக் கிடந்தாலும் அது இன்றைய பைகள் அத்தனைக்கும் பச்சைப் பூஞ்சையைக் கொண்டு சேர்க்கும். ஆகவே இந்த வகைப் பண்ணைக்கு, கருவிகள் இல்லாமலே கழற்றிக் கழுவக்கூடிய, நீர் தேங்காத, துருப்பிடிக்காத எஃகு இயந்திரம்தான் பொருந்தும். இறுக்கமான திருகு தானிய வித்தை நசுக்கிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. நசுங்கிய தானியத்தில் பாக்டீரியா வெகு விரைவில் பெருகும்.

இயந்திர வகைகளில் மிகவும் எளியது திருகு இயந்திரம். மேலே கலவையைக் கொட்டும் தொட்டியான ஹாப்பர், உள்ளே சுழலும் திருகு, முன்னால் ஒரு குழாய். பணியாளர் பையைக் குழாயின் மீது மாட்டிப் பிடிக்க, திருகு கலவையைத் தள்ளித் தள்ளிப் பையைத் தானாகவே பின்னுக்கு நகர்த்தும். பையை அவர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாரோ அவ்வளவு அடர்த்தி கிடைக்கும். காலையில் கெட்டியாக வந்த பைகள், கை சோர்ந்த மாலையில் தளர்வாக வருவது இதனால்தான். இந்த வகை மலிவானது, பழுது பார்க்க எளியது, நீளமான பைகளுக்கு ஏற்றது. ஆனால் எடையிலும் அடர்த்தியிலும் சீர்மை வேண்டுமென்றால் அழுத்து இயந்திரத்துக்குப் போக வேண்டும். அதில் அளந்த கலவை பைக்குள் விழுந்ததும் மேலிருந்து ஒரு தண்டு இறங்கி அமுக்குகிறது. தண்டின் நடுவில் உள்ள கம்பி, கலவையின் மையத்தில் ஒரு துளையையும் விட்டுச் செல்கிறது. அந்தத் துளை பெரிய வசதி. ஆவி உள்ளே போக வழி கிடைக்கிறது. வித்து அடிவரை இறங்குவதால் பூசண இழை மேலிருந்து மட்டுமன்றி நடுவிலிருந்தும் பரவி, பை முழுவதும் வெள்ளை இழை மூடி வெளுக்க ஆகும் நாட்கள் குறைகின்றன. திரவ வித்துப் பயன்படுத்துகிறவர்கள் துளையில்லாத இயந்திரத்தை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சுழல் மேசையில் பல குழாய்கள் பொருத்தப்பட்ட தானியங்கி இயந்திரங்கள் இந்த அழுத்து முறையின் விரிவே. ஓரிடத்தில் பை மாட்டப்படும்போதே அடுத்த இடத்தில் கலவை விழும், மற்றோரிடத்தில் அழுத்தம் நடக்கும். பையை மாட்டும் வேலையையும் இயந்திரமே செய்யும் வகைகளும் உண்டு. அவற்றுக்குப் பைகளின் அகலமும் தடிமனும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மலிவான பைகளைக் கொடுத்தால், இயந்திரம் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகமாகிவிடும்.

இனி கலவையைப் பற்றி. இதைத்தான் வாங்குபவர்கள் மிகக் குறைவாகச் சோதிக்கிறார்கள். நீளமான வைக்கோல் திருகில் சுற்றிக்கொள்ளும். 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கினால்தான் ஒழுங்காக நகரும். மிக நுண்ணிய மரத்தூள் ஹாப்பரின் கழுத்தில் வளைவுப் பாலம்போல் கட்டிக்கொண்டு நின்றுவிடும்; திருகு வெறுமனே சுற்றும், பை காலியாக வெளிவரும். அதனால் ஹாப்பருக்குள் கிளறும் கரம் இருக்கிறதா, அதன் வேகத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சிராய்களும் மரச்சில்லுகளும் கலந்த தூளுக்குச் சல்லடை இன்றியமையாதது, ஆணி, கம்பித் துண்டுகளுக்குக் காந்தம் இன்றியமையாதது. மிக்சரும் சல்லடையும் சரியில்லாத பண்ணை, முதலில் அவற்றில் பணத்தைப் போடுவதே நல்லது என்பது என் கருத்து. சீராகக் கலக்காத கலவையை எந்த உயர்ந்த இயந்திரமும் சீரான பையாக மாற்றித் தராது.

ஈரப்பதம் பெரும்பாலான கலவைகளுக்கு 60 முதல் 65 சதவீதம். ஒரு பிடி கலவையை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். விரல் இடுக்குகளில் ஈரம் மினுங்கி, ஓரிரு துளி மட்டும் கசிந்தால் சரி. கையைத் திறந்ததும் உருண்டை உதிராமல் நின்று, விரலால் தட்டினால் உடைய வேண்டும். தண்ணீர் தாரையாக ஒழுகினால் அந்தக் கலவை திருகுக்குள் சேறாகி, பையின் அடியில் நீர் தேங்கும். கைக்கணக்கு போதாதென்றால் 100 கிராம் கலவையை எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். மிஞ்சுவது 38 கிராம் என்றால் ஈரம் 62 சதவீதம். இயந்திரத்தைச் சோதிக்கப் போகும்போது இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். உலர்ந்த தூளை ஓட்டிக் காட்டிப் பெறும் வேகமும், உங்கள் ஈரக் கலவையில் கிடைக்கும் வேகமும் ஒன்றாக இராது.

பையைப் பொறுத்தவரை, முடிவு உங்கள் வெப்பமூட்டும் முறையில் இருக்கிறது. 121 டிகிரி செல்சியஸில், அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் வைப்பவர்களுக்குப் பாலிபுரொப்பிலீன் பை தேவை. அது வெப்பத்தைத் தாங்கும், உள்ளே நடப்பது தெளிவாகத் தெரியும். ஆனால் விறைப்பானது, குளிர்ந்த சூழலில் எளிதில் கீறும். அழுத்தமில்லாத ஆவியில், ஏறத்தாழ 100 டிகிரியில், பல மணி நேரம் வேகவைப்பவர்கள் உயர் அடர்த்திப் பாலித்தீனைப் பயன்படுத்தலாம். அது மென்மையானது, கலவையோடு ஒட்டி நிற்பது. விறைப்பான பைக்கு ஏற்றபடி அமைத்த குழாயில் மென்மையான பை சுருங்கி மடிந்துவிடும். ஆகவே நீங்கள் பயன்படுத்தும் பையையே சோதனைக்குக் கொண்டு செல்லுங்கள். 17 செ.மீ. அகலம், 33 செ.மீ. நீளம், 0.05 மி.மீ. தடிமன் என்பது பல இயந்திரங்கள் ஏற்கும் ஓர் அளவு. வேறு அளவுக்கு மாறும்போது குழாயை மட்டும் மாற்றினால் போதுமா, அழுத்தும் தண்டு முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்பதை எழுத்தில் பெறுங்கள். காற்றை வடிகட்டி உள்ளே விடும் பட்டை ஒட்டிய பைகளை வெப்பத்தால் ஒட்டி மூடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிரப்பும்போது பையின் வாய்ப்பகுதியில் ஈரத்தூள் படிந்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விட்டுவிடும். குழாய் பைக்குள் போதிய ஆழம் இறங்கி, வாயைச் சுத்தமாக விட்டு வெளியேறுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

இப்போது வேகத்துக்கு வருவோம். தவிடு சேர்த்து நனைத்த கலவை, அந்த நிமிடம் முதல் புளிக்கத் தொடங்குகிறது. வெயில் காலத்தில் இது இன்னும் விரைவு. அமிலத்தன்மை ஏறும், கலவை சூடாகும், பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடி ஆவியின் வேலையும் கடினமாகும். நனைத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் ஆவி ஏறத் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலக்க 1 மணி நேரம், பைகளைத் தட்டுகளில் அடுக்கி உள்ளே ஏற்ற 45 நிமிடம் போனால், நிரப்புவதற்கு எஞ்சுவது 2 மணி 15 நிமிடம். உங்கள் ஆட்டோகிளேவ் ஒரு தடவைக்கு 1,500 பைகள் கொள்ளும் என்றால், மணிக்குச் சுமார் 670 பைகள் நிரம்பியாக வேண்டும். பை தீர்ந்து மாற்றுவது, அடைப்பெடுப்பது, ஆட்கள் மாறுவது எல்லாம் சேர்ந்து விளம்பர வேகத்தில் நான்கில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்று கொண்டால், மணிக்கு 900 பைகள் என்று எழுதிய இயந்திரம்தான் உங்களுக்குச் சரிவரும். 800 என்று எழுதியது 600-ஐத்தான் தரும். அதற்கு மேல் வேகம் வாங்குவதும் வீண் செலவே, ஏனென்றால் நிரம்பிய பைகள் ஆட்டோகிளேவின் வாசலில் காத்துக் கிடக்கும். மிக்சரை இரண்டு தவணையாக நனைக்க முடிந்தால், சிறிய இயந்திரத்தோடும் இதே கணக்கை ஒப்பேற்றலாம். நாளுக்குச் சில நூறு பைகள் மட்டுமே தேவைப்படும் பண்ணைக்கு ஓர் எளிய திருகு இயந்திரமும் பழகிய இரண்டு கைகளும் போதுமானவை. முழுத் தானியங்கி அங்கே பெரும்பாலும் சும்மா நிற்கும்.

சோதனை ஓட்டம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கலவை, உங்கள் பை, குறைந்தது ஒரு மணி நேரத் தொடர் ஓட்டம் ஆகியவை நிபந்தனையாக இருக்கட்டும். முதல் 10, நடுவில் 10, கடைசி 10 என்று 30 பைகளை எடுத்துத் தனித்தனியே நிறுத்துங்கள். சராசரி சரியாக இருப்பது மட்டும் போதாது. மிகக் கனமான பைக்கும் மிக லேசான பைக்கும் உள்ள இடைவெளிதான் பேசும். எடை மாறும் பைகள் ஆவியில் ஒரே நேரத்தில் வேகமாட்டா. கனமானதின் நடுப்பகுதி வேகாமல் நிற்கலாம். அடுத்து அடர்த்தி. பையின் பக்கவாட்டில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினால் லேசாகக் குழிந்து திரும்ப வேண்டும். கல்போல் இருந்தால் இழைக்குக் காற்று கிடைக்காது, பரவுவது மந்தப்படும். பொதுக்கென்று உள்ளே போனால் பைக்கும் கலவைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. பின்னாளில் அந்த இடைவெளியில்தான் பக்கவாட்டு மொட்டுகள் முளைத்து வீணாகும்.

ஊசித்துளைகளைத் தேடுவது பொறுமையான வேலை. நான் பார்த்த ஒரு சோதனை ஓட்டத்தில் பைகள் எல்லாம் பளபளவென்று அழகாக வந்தன, எடையும் ஒத்துப்போனது. சில பைகளைக் காலி செய்து, ஊதி, வாயைத் திருகிப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினோம். நான்காவது பையின் அடி மூலையிலிருந்து ஒரு மெல்லிய குமிழி வரிசை, நூல் கோத்ததுபோல் மேலே வந்தது. அழுத்தும் தண்டு இறங்கும்போது அந்த மூலையில் மரச்சில்லு ஒன்று பையைக் குத்தியிருந்தது. அடியைத் தாங்கும் தட்டை இரண்டு மில்லிமீட்டர் உயர்த்திக் கலவையைச் சலித்த பிறகு குமிழிகள் நின்றன. அந்தத் துளையோடு பை ஆவியில் வெந்து வந்திருந்தால், வித்திட்ட பின் அடியில் பச்சைப் புள்ளி தோன்றும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது; பழி வித்தின் மீதோ வித்திட்டவர் மீதோ விழுந்திருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி விலை பேசும் மேசையில் யாரும் பேச்செடுப்பதில்லை, நீங்கள் எடுங்கள். ஹாப்பரில் அடைப்பு ஏற்பட்டால் மனிதக் கை தானாகவே உள்ளே போகும். அதனால் ஹாப்பரின் வாயில் கம்பிக் காப்பு, அதைத் திறந்தால் மோட்டார் நிற்கும் பூட்டு, பணியாளரின் கைக்கு எட்டும் இடத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் என்ற மூன்றும் இல்லாத இயந்திரத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். கால் மிதியால் இயங்குவது என்றால் மிதிக்கு மேல் மூடி இருக்க வேண்டும். கீழே விழுந்த பைகூட அதை அழுத்திவிடக் கூடாது. உலர்ந்த மரத்தூள் மூச்சுக்குக் கெடுதல், எளிதில் தீப்பிடிப்பதும்கூட. தூள் கொட்டும் இடத்தில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்புக்கு இடம் ஒதுக்குங்கள்.

காற்றழுத்தத்தில் இயங்கும் உறுப்புகள் இருந்தால் கம்ப்ரசரின் கொள்ளளவையும் காற்றிலிருந்து நீர் பிரிக்கும் வடிகட்டியையும் விலைக்குள் சேர்த்துக் கேளுங்கள். மும்முனை மின்சாரமா, உங்கள் கொட்டகையின் மின்சுமை தாங்குமா என்பதும் அப்படியே. தேயும் உறுப்புகள் எவை என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான்: திருகின் இலைகள், அதைச் சூழ்ந்த உறை, பேரிங், எண்ணெய் சீல், பெல்ட். மணல் கலந்த தூளும் சுண்ணாம்பும் திருகை வேகமாக அரிக்கும். பேரிங்குகள் பொதுச் சந்தையில் கிடைக்கும் எண்ணுடையவையா, திருகைக் கழற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்பதோடு, மின்சுற்று வரைபடத்தையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கடவுச்சொல்லையும் இயந்திரத்தோடு சேர்த்தே பெற்றுவிடுங்கள். கடவுச்சொல் விற்றவரிடமே தங்கிவிட்டால், நிரப்பும் நேரத்தை அரை நொடி மாற்றுவதற்குக்கூட அவர் வரும்வரை கலவை புளித்துக்கொண்டிருக்கும்.

இயந்திரம் வந்து நிறுவிய பின் முதல் சில வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நாள், கலவையின் ஈரம், பத்துப் பைகளின் எடை, நனைத்த நேரம், ஆவி ஏறிய நேரம். பல குழாய்கள் உள்ள சுழல் இயந்திரம் என்றால், எந்தக் குழாயில் நிரம்பியது என்பதை அழியாத மையால் பையின் மீது எண்ணாக எழுதச் செய்யுங்கள். மூன்று வாரம் கழித்து வித்துப் பரவும் அறையில் கெட்டுப்போன பைகளை ஓரமாக எடுத்து வைக்கும்போது அவற்றில் பாதிக்கு மேல் 5-ஆம் எண் என்றால், கழற்றிப் பார்க்க வேண்டியது எந்தக் குழாயின் விளிம்பு என்று தேட வேண்டியிராது.