கேம்பர் இழுக்கும் பிக்கப்புக்குப் பின்புறக் காற்றுப்பை பொருத்துவது

ஃபோர்டு எஃப்-150 போன்ற அரை டன் ரகப் பிக்கப்பில் கேம்பரை (பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டியை) மாட்டியதும் பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது, ஸ்டீயரிங் இலேசாகிவிடுகிறது. இதற்கு நான் தேர்ந்தெடுத்த தீர்வு, வண்டியின் சட்டத்துக்கும் (ஃபிரேம்) பின் ஆக்சிலுக்கும் இடையே உட்காரும் காற்றுப்பை. ஜாக்கி போட்டுச் சக்கரம் கழற்றத் தெரிந்த எவரும் இதை ஒரே நாளில், வீட்டு வாசலிலேயே பொருத்திவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கும். 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சாமான் ஏற்றிய கேம்பர் 6,000 பவுண்டு என்றால், ஹிட்ச் (கேம்பரை வண்டியோடு மாட்டும் இணைப்பு) மீது விழும் எடை அதில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். 13 சதவீதம் என்றால் 780. நான்கு பேர் குடும்பம் 550. அந்த எடையில் ஒரு பங்கை இறுக்கிய கம்பிகளால் முன் ஆக்சிலுக்கும் பகிரும் ஹிட்ச் ஏறக்குறைய 100. ஆக 1,430 ஆகிவிட்டது. இனி 70 பவுண்டுக்குத்தான் இடம். காற்றுப்பை பெட்டியின்மேல் 5,000 பவுண்டு என்று அச்சிட்டிருந்தாலும் இந்தக் கணக்கு ஒரு பவுண்டுகூட மாறாது. பை வண்டியின் உயரத்தைச் சரிசெய்யும். ஆக்சில், பிரேக், டயர், சட்டம் ஆகியவற்றின் தாங்குதிறனை அது கூட்டாது. கணக்கு இடித்தால் சின்ன கேம்பரைப் பாருங்கள், அல்லது அடுத்த பெரிய ரகமான முக்கால் டன் வண்டிக்குப் போங்கள்.

எதை வாங்குவது? பின்புறம் லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை வில்) உள்ள வண்டிக்கு ஏர் லிஃப்ட் லோட்லிஃப்டர் 5000, ஃபயர்ஸ்டோன் ரைட்-ரைட் இரண்டுமே நல்லவை. குழாயும் காற்றும் வேண்டாம் என்பவர்களுக்கு டிம்ப்ரன் ரப்பர் ஸ்பிரிங் இருக்கிறது, கசிவு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் என் ஓட்டு காற்றுப்பைக்கே. கேம்பரைக் கழற்றியதும் காற்றைக் குறைத்துவிட்டு மெத்தென்று ஓட்டலாம்.

பொருத்தும் வேலை

சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வண்டியைச் சட்டத்தில் தூக்கி, ஸ்டாண்டுகளைச் சட்டத்துக்கு அடியிலேயே கொடுங்கள். ஆக்சில் தொங்கினால்தான் பை நுழைய இடம் கிடைக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

சட்டத்தின் அடியில் உள்ள ரப்பர் தடுப்பைக் கழற்றுங்கள். பையின் மேல் தட்டு சட்டத்திலும், கீழ்த் தட்டு ஆக்சில் மேல் லீஃப் ஸ்பிரிங்கிலும் உட்காரும். இதற்கெல்லாம் கையேட்டில் படம் இருக்கிறது. பிரேக் குழாய் தட்டுக்கு அடியில் நசுங்காமல் பாருங்கள். காற்று ஏறிய பிறகு பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை அங்குல இடைவெளி வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் வெப்பத்தடுப்புத் தகடு கட்டாயம். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் கடன் வாங்கியாவது அதைக் கொண்டு போல்ட்டுகளை முறுக்குங்கள்.

அடுத்தது காற்றுக்குழாய். பலருக்கு வேலை கெடுவது இங்கேதான். குழாயைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். இணைப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வட்டமான குழாயைத்தான் இறுகப் பிடிக்கும். நசுங்கிய வாயில் காற்று நூலிழையாகக் கசியும். மாலையில் ஏற்றியது காலையில் பாதியாகியிருக்கும். புது பிளேடு அல்லது குழாய் வெட்டி கொண்டு, நேர் செங்கோணத்தில், ஒரே இழுப்பில் வெட்டுங்கள். பிறகு உள்ளே முட்டி நிற்கும்வரை தள்ளி, ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தடவி, நிதானமாகக் கவனியுங்கள். குழாய் வெட்டியின் விலை சொற்பம், இந்த வேலையில் நான் அதிகம் மதிக்கும் கருவி அதுதான்.

இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைக்கும் 'டி' இணைப்பு எனக்குப் பிடிக்காது. வளைவில் சாயும் பக்கத்துப் பையிலிருந்து காற்று மறுபக்கம் ஓடி, சாய்வு இன்னும் கூடும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று எனத் தனி வால்வு வையுங்கள்.

எது முதலில், காற்றா ஹிட்ச் கம்பியா?

பையில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏற்றினால் பின்பக்கம் எழும்பி வண்டி சமமாகத் தெரியும். ஆனால் முன் ஆக்சிலிலிருந்து போன எடை திரும்பியிருக்காது. ஹிட்ச் பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே விழும் எடை ஏற்ற இறக்கப் பலகைபோல (சீசா) முன்பக்கத்தைத் தூக்குகிறது. அந்த எடையை முன்னே தள்ளுவது எடையைப் பகிரும் ஹிட்சின் கம்பிகள் மட்டுமே.

ஆகவே பைகளில் 5 பிஎஸ்ஐ மட்டும் வைத்துக்கொண்டு, கேம்பர் மாட்டுவதற்கு முன் முன்சக்கரத்துக்கு மேலே ஃபெண்டர் விளிம்பின் உயரத்தை அளந்து எழுதுங்கள். கேம்பரை மாட்டி, கம்பி போடாமல் மீண்டும் அளங்கள். முதலில் 37 அங்குலம், இப்போது 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு அங்குலத்தில் எவ்வளவு மீட்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். பாதி என்றால் 37½ வரும்வரை கம்பிகளை இறுக்குங்கள். பின்பக்கம் இன்னும் தாழ்ந்திருந்தால் அதற்கு மட்டும் 5, 5 பிஎஸ்ஐயாகக் காற்று ஏற்றுங்கள். பின்பக்கம் எழும்ப எழும்ப கம்பிகளின் இறுக்கம் குறையும், எனவே ஒவ்வொரு முறையும் முன் ஃபெண்டரை அளந்தே தீர வேண்டும்.

உறுதிப்படுத்த, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள 'கேட்' (CAT) என்ற பெயர்கொண்ட எடைமேடைக்குப் போங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், கேம்பர் மூன்றின் எடையையும் தனித்தனியே அச்சடித்துத் தருவார்கள். கம்பியோடு ஒருமுறை, கம்பி இல்லாமல் ஒருமுறை, கேம்பர் இல்லாமல் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ராம் 1500 பிக்கப் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டிக்கு எந்தப் பை என்று கேட்டிருந்தார்கள். 2009 முதல் அதன் பின்புறம் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்). காயிலுக்கு உள்ளே நுழையும் ஏர் லிஃப்ட் 1000 வகைப் பைதான் அதற்குச் சரி. அதன் உச்சம் 35 பிஎஸ்ஐ, மேலே சொன்ன பெரிய பைகளின் 100 பிஎஸ்ஐயை அதில் ஏற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று: வெறும் வண்டியாக ஓட்டும்போது காற்றை முழுவதும் இறக்கிவிடுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். வேண்டாம். 5 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் பை மடிந்து, தட்டுகளுக்கிடையே கடிபட்டுக் கிழியும். குளிர்ந்த காலையில் அழுத்தம் தானாகவே குறையும் என்பதால் கிளம்புமுன் மானி வைத்துப் பாருங்கள். முதல் 500 மைல் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி சரிபாருங்கள்.