வண்டு வளர்க்கத் தொடங்குவோர் இனத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முறையாக வண்டு வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் அதன் கொம்பையும் நிறத்தையும் பார்த்தே இனத்தை முடிவு செய்கிறார்கள். பல இனங்களில் வண்டாக வாழும் காலம் சில வாரங்களோ சில மாதங்களோதான் என்பதையும், அதற்கு முந்தைய புழுப் பருவத்துக்கே உணவும் இடமும் பொறுமையும் தேவை என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சிறு வயதில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து வேல மர இலை போட்டு வளர்த்தவர்கள் பெங்களூர்த் தமிழர்களிடையே நிறையப் பேர் உண்டு. பெட்டிக்குள் அது முட்டையிட்ட கதையைச் சொல்வார்களே தவிர, அந்த முட்டை வண்டானதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இலை தின்பது வண்டு மட்டுமே. அதன் புழு மண்ணுக்குள் வேர்களைத் தின்று வளர்வது. உயிருள்ள வேரையோ மரத்தின் உட்பகுதியையோ நம்பி வாழும் இனங்களைத் தொடக்கநிலையினர் விட்டுவிடுவதே நல்லது. பொறிவண்டும் அப்படித்தான்: அசுவினியோ மாவுப்பூச்சியோ ஓயாமல் கிடைத்தால்தான் அது பெருகும். ஆய்வகங்களில் பரங்கிக்காய்மேல் மாவுப்பூச்சியைப் பெருக்கி அதற்கு இரையாக்குவார்கள். அடுக்ககப் பால்கனியில் இது நடவாது.

ஹெர்குலிஸ் வண்டின் மீதான மோகம் தனிக்கதை. கொம்போடு சேர்த்து ஏறத்தாழ 17 செ.மீ. வரை வளரும் இந்த அமெரிக்க வெப்பமண்டல இனத்தின் புழுப் பருவம் ஓராண்டுக்கும் மேல் நீளக்கூடியது. அதற்கு முன்பே சட்டம் குறுக்கே நிற்கிறது. 2003 ஆம் ஆண்டின் தாவரத் தடைகாப்பு ஆணைப்படி உரிய அனுமதியின்றி உயிருள்ள பூச்சிகளை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. உள்நாட்டு வண்டுதானே என்று பன்னேர்கட்டா தேசியப் பூங்காவிலிருந்து எடுத்து வருவதும் குற்றமே.

எருக்குழியில் எளிதில் கிடைக்கும் காண்டாமிருக வண்டு வளர்ப்பதற்குச் சுலபமானதுதான். ஆனால் அது தென்னையின் குருத்தைத் துளைக்கும் பூச்சி. வீட்டுக்கு வீடு தென்னை நிற்கும் பெங்களூரின் பழைய குடியிருப்புகளில் அதைத் தப்பவிட்டால் அக்கம்பக்கத்தாருக்கு நட்டம். இலையுரத் தொட்டிகளில் காணப்படும் பூவண்டுப் புழு இதைவிட மேலான தேர்வு. இந்த இரு வண்டுகளின் புழுக்களும் வெண்மையாகச் சுருண்டு கிடப்பதால் குழப்பம் நேரும். சமதளத்தில் விட்டுப் பாருங்கள், பூவண்டுப் புழு கால்களை மேலே தூக்கிக்கொண்டு முதுகால் நகரும். மட்கிய இலையே அதற்கு உணவு. வேப்பிலையும் தைல மர இலையும் கலக்க வேண்டாம். அது மண்கூடு கட்டிய பிறகு உடைத்துப் பார்ப்பது, வளர்த்தவரே அதைக் கொல்வதற்குச் சமம்.

முதல் வளர்ப்புக்கு என் பரிந்துரை, பறவைத் தீவனக் கடைகளில் மீல்வார்ம் என்று விற்கப்படும் புழுவே. அழகில்லை என்று பலர் ஒதுக்கினாலும், முட்டை முதல் வண்டு வரை எல்லாப் பருவங்களையும் சில மாதங்களில் ஒரே பெட்டியில் காட்டக்கூடியது இது. கோதுமைத் தவிடும் ஒரு துண்டு கேரட்டும் போதும். தவிட்டைச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அதிலிருக்கும் வேறு பூச்சிகள் ஒழியும். மழைக்காலத்தில் தவிடு ஈரம் கோத்தால் சிற்றுண்ணிகள் மண்டும். பெரிதாக இருக்கிறதே என்று இதற்குப் பதிலாகச் சூப்பர்வார்ம் வாங்குவோர், அது கூட்டமாக இருக்கும்வரை கூட்டுப்புழுவாக மாறாது என்பதை அறிவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் அடைத்தால்தான் மாறும். டிசம்பர்க் குளிரில் வளர்ச்சி மந்தமாகும் என்பதால், அசையாத கூட்டுப்புழுவைச் செத்ததென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். கறுத்துக் குழைந்தால் மட்டுமே அகற்றுங்கள்.

எந்த இனமானாலும், கொசுவிரட்டித் திரவக் கருவி எரியும் அறையில் பெட்டியை வைக்கக் கூடாது. கொசுவுக்கென்று பரவும் அந்த மருந்து வண்டுக்கும் நஞ்சுதான்.