மோட்டர் திருத்தமா? முதலில் தகட்டைப் படம் எடுங்கள்

தண்ணீர் மோட்டர் பார்க்கப் போகும் பிளம்பர்மார் ஏஐயிடம் "தண்ணீர் ஏறவில்லை, என்ன செய்ய?" என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். மாடல் எண் போட்டிருக்கும் மோட்டரின் தகட்டைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பி, "இந்த மாடலின் கைநூலைத் தேடு, எந்தப் பக்கம் என்று லிங்க்கோடு காட்டு" என்று கேளுங்கள்.

பொதுவாகக் கேட்டால் எல்லா மோட்டருக்கும் பொருந்துகிற காரணங்களைத்தான் அடுக்கும். மாடல் எண் இருந்தால் கப்பாசிட்டர் அளவு, சீல் அளவு வரை தேடிப் பார்க்க முடியும். சம்மாந்துறையிலிருந்து கல்முனை ஹாட்வெயார் கடைக்கு இரண்டாம் முறை ஓட வேண்டியதில்லை. ஆனால் லிங்க்கைத் திறந்து நீங்களே பாருங்கள், இல்லாத பக்கத்தையும் ஏஐ உறுதியாகச் சொல்லும்!

கிணற்று நீர்மட்டம் மோட்டருக்கு எத்தனை மீற்றர் கீழே, தண்ணீர்த் தாங்கி எத்தனை மீற்றர் மேலே என்பதையும் எழுதுங்கள். இதுதான் முக்கியம். தகட்டில் 'எச் மேக்ஸ்' (H max, அதிகபட்ச உயரம்) என்று போட்டிருக்கும் உயரத்தில் தண்ணீர் வெளியே வராது, அது மோட்டரின் எல்லை. கிணற்றுக்கு மேலே வைத்த சாதாரண மோட்டர் ஏறத்தாழ 7, 8 மீற்றருக்குக் கீழிருந்து உறிஞ்சாது, கம்பனி எதுவானாலும் சரி.

கல்லடி, காத்தான்குடிப் பக்கம் உப்புக்காற்றில் தகடு அரித்துப் போயிருந்தால் இந்த வழி சரிவராது. பழைய சாமானைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) மாற்றிக் கட்டிய மோட்டருக்கும் தகட்டை நம்ப முடியாது.