வஜ்ரயான தியானம்: புதிதாக வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

தந்திரம் என்றாலே நமக்குக் குள்ளநரிக் கதைதான் ஞாபகம் வரும். அதோடு மந்திரமும் சேர்ந்தால் பில்லி சூனியம். இதையெல்லாம் தாண்டித் திபெத்திய பௌத்தத்தின் தாந்திரிகப் பயிற்சிக்கு, அதாவது வஜ்ரயானத்துக்கு வரும் தமிழருக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. குரு, தீட்சை, மந்திரம், முத்திரை, மண்டலம் எல்லாமே நம் வீட்டுச் சொற்கள். இந்திய மண்ணில் விளைந்த மரபு வேறெப்படி இருக்கும்? 8ஆம் நூற்றாண்டில் இதைச் சீனாவில் பரப்பிய வஜ்ரபோதியே தென்னிந்தியர்தான். ஆனால் சொல் தெரியும் என்பதால் விஷயமும் பாதி தெரியும் என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறோம். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

திபெத்தியர்கள் பெண் புத்தராகப் போற்றும் பச்சைத் தாராவையே எடுத்துக்கொள்வோம். படத்தைப் பார்த்ததும் நம் கை தானாகக் கூப்பும், வேண்டுதல் ஒன்று வாயில் வரும். அதில் தப்பில்லை, திபெத்தியர்களும் பயணத்துக்கு முன்னால், நோய் வந்தால் தாராவிடம் வேண்டிக்கொள்கிறவர்கள்தான். தியானமாகச் செய்யும்போது நடப்பது வேறு. முதலில் எல்லாவற்றையும் சூன்யத்தில் கரைக்க வேண்டும். என் உடம்பு, என் பெயர், என் கவலை என்று பிடித்துவைத்திருப்பவை எதற்கும் தனித்து நிற்கும் சாரம் இல்லை என்று பார்ப்பதுதான் அந்தக் கரைத்தல். அந்த வெட்டவெளியில் பச்சையாக 'தாம்' என்ற ஓர் எழுத்து. அதிலிருந்து தாரா எழுகிறாள்: இடக்கால் மடங்கியிருக்கிறது, வலக்கால் இப்போதே எழுந்து வரப்போவதுபோல் நீண்டிருக்கிறது, இடக்கையில் நீலோற்பலத் தண்டு. வானவில் மாதிரி, கண்ணுக்குத் தெரிகிறாள், கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. 'ஓம் தாரே துத்தாரே துரே ஸ்வாஹா' என்று ஜெபம். முடியும்போது உருவம் ஒளியாகி நெஞ்சிலுள்ள அந்த எழுத்துக்குள் ஒடுங்கும். எழுத்தும் கீழிருந்து மேலாகக் கரைந்துபோகும். அதன்பின் எதையும் கற்பனை செய்யாமல் அப்படியே இருக்க வேண்டும்.

பலரும் விடுவது இந்தக் கடைசி நிமிடங்களைத்தான். ஜெபம் முடிந்தது, ஆபீசுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவார்கள். முன்னும் பின்னும் கரைக்காமல் நடுவில் 'நானே தாரா' என்று மட்டும் நினைப்பது, பழைய அகந்தைக்குப் பட்டுச் சேலை கட்டிவிடுகிற வேலை. இன்னொன்று, தன்னையே தாராவாகப் பாவிக்க அபிஷேகம், அதாவது தீட்சை பெற்றிருக்க வேண்டும். பெறாதவர்கள் அவளை எதிரிலோ தலைக்கு மேலோ வைத்துத் தியானிக்கலாம். யூடியூபில் வழிகாட்டும் குரல்கள் இந்த வித்தியாசத்தை எப்போதும் சொல்வதில்லை.

அடுத்து, உருவம் போட்டோ மாதிரித் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று நெற்றியைச் சுருக்குவது. நானும் செய்து தலைவலி வாங்கியவன்தான். இழுத்துப் பிடித்துத் தியானம் செய்தால் வரும் கோளாறுக்குத் திபெத்திய மருத்துவத்தில் 'லுங்' என்று பெயர். காற்று என்று அர்த்தம். நம் சித்த வைத்தியர் வாதம் என்பதற்குக் கிட்டத்தட்டச் சொந்தம். நெஞ்சு இறுகும், தூக்கம் வராது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும். அதற்குச் சொல்லும் வைத்தியம் எளிமையானது: பயிற்சியைக் குறை, நன்றாகத் தூங்கு, எலும்பு சூப் குடி, நாலு பேரோடு பேசு. உருவம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, தாரா இருக்கிறாள் என்ற உணர்வு போதும்.

மூச்சை அடக்கி உடலுக்குள் சூட்டை எழுப்பும் தும்மோ என்ற பயிற்சியின் பக்கம் ஓடுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 1982இல் வெளியான ஓர் ஆய்வில், தரம்சாலா பகுதித் துறவிகளின் விரல்கள் தும்மோவின்போது இருந்ததைவிட 8.3 டிகிரி செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடேறின. அதைப் படித்துவிட்டு வீட்டில் கும்பகம் பிடித்துப் பார்க்கிறார்கள். இந்தியச் சித்தர் நாரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களில் ஒன்று தும்மோ. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் மூச்சை அடக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

ஆணும் பெண்ணும் இணைந்த உருவச் சிலைகளைப் பார்த்துவிட்டு வேறு எதையோ தேடி வருகிறவர்களுக்கு ஒரு வரி போதும்: அவை ஞானமும் கருணையும் பிரியாமல் இருப்பதைக் காட்டுகின்றன.

தீட்சையைக் கோயில் பிரசாதம் மாதிரி வாங்குவதும் நம் பழக்கம்தான். புத்தகயாவில் தலாய் லாமா காலசக்கர அபிஷேகம் கொடுத்தபோது கூட்டம் லட்சத்தைத் தாண்டியது. ஆசீர்வாதமாக மட்டும் பெற்றுக்கொள்ளலாம் என்று அங்கே இடம் உண்டு. எல்லாத் தீட்சையும் அப்படி அல்ல. உயர்நிலைத் தந்திரங்கள் பலவற்றுக்கு, தலாய் லாமா சார்ந்த பிரிவான கெலுக் மரபில் தினமும் ஆறு வேளைப் பயிற்சி ஒன்றை வாழ்நாள் முழுக்கச் செய்யும் உறுதிமொழி உண்டு. 'என்ன உறுதிமொழி?' என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால், சரி, அந்த இடம் உங்களுக்கானதல்ல.

குருவை எடைபோடுவது பாவம் என்று வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம். ஆனால் தீட்சைக்கு முன்னால் குருவும் சீடரும் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த மரபே வைத்திருக்கும் விதி. 1993இல் தரம்சாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்த மேற்கத்திய பௌத்த ஆசிரியர்கள், ஆசிரியரின் தகாத நடத்தைக்கு மறுக்க முடியாத ஆதாரம் இருந்தால் அதை வெளியே சொல்லத் தயங்க வேண்டாம் என்று பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். குரு பக்தி என்ற பெயரில் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறவர்களிடம் இதைக் காட்டலாம்.

அப்புறம் ங்கொன்ட்ரோ என்ற முன்பயிற்சி. ஒரு லட்சம் தண்டனிடுதல், மனத்தூய்மைக்காகத் தியானிக்கும் புத்தரான வஜ்ரசத்துவரின் நூறெழுத்து மந்திரம் ஒரு லட்சம் என்று கணக்கு நீளும். ஒரு நாளைக்கு 300 முறை விழுந்து எழுந்தாலும் தண்டனிடுவதற்கே பதினோரு மாதம் ஆகும். இரண்டு வகையில் தவறு நடக்கிறது: இதெல்லாம் பாமரர்களுக்கு என்று தாண்டிப்போவது, அல்லது மொபைல் ஆப்பில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு முட்டியை உடைத்துக்கொள்வது. திபெத்தியர்கள் 108 மணி மாலையை ஒரு சுற்று உருட்டினால் 100 என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். மீதி எட்டு, நடுவில் கவனம் சிதறியதற்கு.