சார்லி பார்க்கரின் வேகத்தில் இருந்து தொடங்காதீர்கள்

சாக்ஸபோன் கற்கிற பிள்ளைகள் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரைக் கேட்டுவிட்டால் போதும், மறுநாளே அதே வேகத்தில் வாசிக்கப் பார்க்கிறார்கள். விரல் ஓடும், சுரம் எதுவும் நிற்காது. பார்க்கரே இந்தத் தவறைச் செய்து அடிபட்டவர்தான். கான்சஸ் சிட்டியில் பையனாக இருந்தபோது, இரண்டு பாட்டை மட்டும் தெரிந்துகொண்டு பெரியவர்களோடு வாசிக்கப் போனார், அதுவரை சரி. அப்புறம் ‘பாடி அண்ட் சோல்’ வந்ததும் இரட்டை வேகத்தில் பாய்ந்தார், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் அழுததாகவும் மூன்று மாதம் வாசிக்கவே இல்லை என்றும் பின்னாளில் அவரே சொன்னார். 1936இல் ரீனோ கிளப்பில் தாளம் தவறி நின்றபோது, டிரம்மர் ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலை (டிரம்மோடு இருக்கும் உலோகத் தட்டை) கழற்றி அவர் காலடியில் வீசினார். (தலைக்குக் குறிவைத்ததாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.)

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் இங்கிருந்து ஒரே தாவாகத் தாவி அவரை மேதையாக்கிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியதே நடுவில் நடந்ததுதான். 1937 கோடையில் ஓசார்க் மலைப்பகுதிக்கு ஒரு குழுவோடு வாசிக்கப் போனவர், ஜாஸ் குழுத் தலைவர் கவுண்ட் பேஸியின் இசைத்தட்டுகளையும் எடுத்துப்போய், அவற்றில் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் வாசித்த சோலோக்களை (தனி வாசிப்புகளை) மனப்பாடம் செய்தார். லெஸ்டருடையது டெனார் சாக்ஸபோன், இவருடையது அதைவிடச் சிறிய, மேல் சுரத்தில் ஒலிக்கும் ஆல்டோ. அதே சுரத்துக்கு விரல் வேறு, காது தேறாமல் கை தேறாது. மூன்று நான்கு வருடம் தினமும் 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்ததாக 1954இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். சத்தம் தாங்காத அக்கம்பக்கத்தார் அவர் அம்மாவை வீடு மாறச் சொல்லப்போவதாக மிரட்டினார்களாம்!

பார்க்கர் ஹெராயினுக்கு அடிமையாக இருந்த விஷயத்தைத் தயவுசெய்து திறமையோடு முடிச்சுப் போடாதீர்கள். அவரைப் போல வாசிக்கலாம் என்று நம்பி ஹெராயினைத் தொட்ட இளம் கலைஞர்கள் உண்டு. போதையில் நன்றாக வாசிக்கிறேன் என்று எவர் சொன்னாலும் அது பச்சைப் பொய் என்றவர் பார்க்கர்தான். 1955இல் இறந்தபோது அவருக்கு வயது 34.

மெட்டமைக்க ஆசைப்படுகிறவர்கள் செய்யும் தவறு வேறு. எதையும் முழுசாகக் கற்காமல், யாரும் கேட்டிராத ஒன்றை முதல் நாளே கொண்டுவர நினைக்கிறார்கள். பார்க்கர் தெரிந்த பாட்டின் கார்டுகளை (மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) அப்படியே வைத்துக்கொண்டு மேலே புது மெட்டைப் போட்டார். 1945இல் பதிவான ‘கோ-கோ’ நிற்பது ‘செரோக்கி’ பாட்டின் கார்டுகள் மேல். அந்தப் பாட்டின் நடுப்பகுதியில் சுருதி பி, ஏ, ஜி என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும், பலருக்கும் கை நடுங்குகிற இடம் அது, பார்க்கர் அதையே வருடக்கணக்கில் விடாமல் வாசித்திருந்தார். முதலில் ‘செரோக்கி’யைக் கேளுங்கள், அந்த நடுப்பகுதியை வாயால் பாடிப் பாருங்கள், மெதுவாக. அப்புறம் ‘கோ-கோ’வைப் போடுங்கள்.