ஆள் மறைந்த வீடு: அமானுஷ்ய அனிமே கதைக்கு நெல்லைக் களம்

ஒரு குடும்பத்தில் அப்பா திடீரென்று வேறோர் உலகத்துக்குள் மறைந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறையும் காட்சியை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள். ஒரு எபிசோடு சுமார் 24 நிமிடம். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் தலா ஒன்றரை நிமிடம் போனால் மிச்சம் 21. அதையும் ஒளிவட்டத்துக்கும் சுழற்காற்றுக்கும் கொடுத்துவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் தாங்கிக்கொள்வதைக் காட்ட இடமே இருக்காது. கதையே அங்கேதான் இருக்கிறது.

முதலில் மூன்று விடைகளை எழுதி வையுங்கள்: அப்பா எங்கே, திரும்ப முடியுமா, அதற்கு என்ன விலை. பார்ப்பவருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் எட்டாவது எபிசோடில் திடீரென்று ஒரு புது சக்தி முளைக்கும். அதுவரை அழுததெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்த உலகத்துக்குப் போகும் வாசலாக, நெல்லையில் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை எடுத்துக்கொள்ளலாம். பெருவெள்ளத்தில் தாமிரபரணி அதை மூழ்கடித்துவிடும். மண்டபம் தண்ணீருக்குள் போனால் மட்டுமே வழி திறக்கும் என்று விதி வைத்தால், ஊரே பயப்படும் ஐப்பசி கார்த்திகை மழைக்காக அம்மா மட்டும் காத்திருப்பாள்.

எல்லோரையும் ஒரே மாதிரி அழவிடாதீர்கள். ஆச்சி சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் குறி கேட்கட்டும். சித்தப்பா போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கட்டும். அம்மா, "அவிய வந்துருவாவ, சோத்த மூடி வைல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கட்டும். கதையை அப்பா மறைந்த ஆறாம் வருடத்தில் நடக்கவிடுங்கள். ஏழு வருடம் தகவலே இல்லாவிட்டால் இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். சொத்து, பேங்க் பணம், அம்மாவின் குங்குமம் எல்லாமே மிச்சமிருக்கும் அந்த ஒரு வருடத்தில் தொங்கும்.

முக்கியமான காட்சி ஆடி அமாவாசை, பாபநாசம் படித்துறை. அப்பா உயிரோடிருந்தால் மகன் தர்ப்பணம் கொடுக்க மாட்டான். சித்தப்பா தாத்தாவுக்குக் கொடுத்து முடித்ததும் அய்யர் பையனைப் பார்க்கிறார்: "தம்பி, நீ உக்காரலையா?" உட்கார்ந்தால் அப்பா செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். உட்காராவிட்டால், ஒருவேளை அவர் செத்திருந்தால் அங்கே தாகத்தோடு நிற்பார். பையனுக்கு வசனம் வேண்டாம். சித்தப்பாவின் கையில் ஒட்டிய எள்ளைப் பத்து விநாடி அருகில் காட்டுங்கள். பின்னணி இசை போட்டால் கெட்டுவிடும், ஆற்றுச் சத்தம் போதும்.

அப்பா திரும்பி வருவதாக இருந்தால், கட்டிப்பிடிப்பதோடு முடிக்காதீர்கள். அவருக்கு அங்கே மூன்று நாள், இங்கே ஆறு வருடம். மகனுக்குக் குரல் உடைந்திருக்கும், ஆச்சி இருக்க மாட்டாள், அம்மா கடன் அடைக்க பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். 12 எபிசோடு என்றால் சண்டையைப் பதினொன்றிலேயே முடித்து, கடைசி எபிசோடு முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள்.