மைக்ரோனேர் எண்ணுக்கு முன் ரகத்தைக் கேளுங்கள்

பஞ்சு தேர்வுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் பரிசோதனைத் தாளை நீட்டி, "மைக்ரோனேர் 3.3 அண்ணே, நல்ல சன்ன இழை, வாங்கிடலாம்" என்றார். எனக்குத் திக்கென்றது. அதே பேச்சை அதே சந்தோஷத்தோடு நானும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். ஈரம், தூசி, கலப்படம் பார்க்க எல்லோரும் சொல்லித்தருவார்கள், அதை விடுகிறேன். ரகத்தைக் கேட்காமல் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

குறைந்த மைக்ரோனேர் என்றால் சன்ன இழை என்று நம்புவது

குறிப்பிட்ட எடைப் பஞ்சை அடைத்து, அதன் ஊடே காற்று எவ்வளவு போகிறது என்று பார்ப்பதுதான் மைக்ரோனேர். இழை சன்னமாக இருந்தாலும் எண் இறங்கும். முதிராமல் இருந்தாலும் இறங்கும். எதனால் இறங்கியது என்பதை அந்த எண் சொல்லாது.

இழையின் சுற்றளவு பெரும்பாலும் ரகத்தின் மரபணு தருவது. அதன் உள்ளே செல்லுலோஸ் எவ்வளவு படிந்து சுவர் தடிக்கும் என்பதுதான் முதிர்வு; அதில் வெயில், தண்ணீர், பூச்சி எல்லாம் கைவைக்கும். பார்படென்ஸ் என்ற நீள இழைப் பருத்தி இனத்தின் சன்ன ரகம் 3.3-லும் நன்றாக முதிர்ந்திருக்கலாம். வழக்கமாக 4.3 காட்டும், ஹிர்சூட்டம் என்ற பரவலான பருத்தி இனத்தின் ரகம் 3.3-க்கு இறங்கினால், இழைச் சுவர் நிரம்பவில்லை என்றே சந்தேகப்பட வேண்டும்.

நான் வாங்கியது இந்த இரண்டாவது வகை. கார்டிங்கில் பஞ்சைச் சீவி எடுத்த வலையெங்கும் நெப்ஸ், அதாவது குட்டி இழை முடிச்சுகள். நூலின் பலம் எப்படியோ தேறியதால் அனுப்பிவிட்டோம். சாயம் போட்ட பிறகு துணி திரும்பி வந்தது: கருநீலத்தின் மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒரு புள்ளியை ஊசியால் நெம்பி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். ரிப்பன்போல் தட்டையான இழைகள் முடிச்சாகச் சிக்கிக் கிடந்தன. சுவர் மெலிந்ததால் சாயம் தெரியும் அளவுக்கு ஏறவில்லை. இத்தனைக்கும் "என்ன ரகம், வழக்கமாக எவ்வளவு காட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், முதிர்வு விகிதத்தைத் தனியாகச் சோதித்திருப்பேன். இன்றைக்கும் ஆறவில்லை.

சராசரியை மட்டும் பார்த்துக் கலப்பது

கலக்கும் பஞ்சுகளின் சராசரி மைக்ரோனேர் அதே எண்தான். ஆனால் கலவை லாட்டுக்கு லாட் மாறினால் சாயம் ஒரே சீராக ஏறாமல் பின்னலாடையில் பட்டை விழும்.

பிடி (Bt) பருத்தி என்றால் இழையும் உயர்ந்தது என்பது

இல்லை. அதில் சேர்த்த மரபணு காய்ப்புழுவைத் தடுக்கத்தான், இழைக்காக அல்ல.

கலப்பின விதையை எடுத்துவைத்து மறுபடி விதைப்பது

பஞ்சு இழை, விதைத்தோலின் ஒற்றைச் செல் நீண்டு வளர்ந்தது. விதைத்தோல் தாய்ச்செடியின் உடம்பு. அதனால் எந்த மகரந்தம் சேர்ந்தாலும் இந்தப் பருவத்துப் பஞ்சு மாறாது. பார்க்க அருமையாகவே இருக்கும். அந்த விதையை ஊன்றினால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, நீள இழைச் செடியும் குட்டை இழைச் செடியும் ஒரே வரிசையில் நிற்கும். இரண்டும் ஒரே பொதிக்குள் வந்து சேரும்.